கம்பி மேல் மீன்காரி

தேவனேரிக் குப்பத்தில் மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் என்ன பெயர் வைப்பார்கள்? வேண்டா என்றுதான் வைத்தார்கள். இனிமேல் பெண் பிள்ளை வேண்டாம் என்று சாமிக்குச் சொல்லும் வழியாம் அது. சாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஐந்தாவதும் பெண்தான். பெயர் மட்டும் இவள் தலையில் விழுந்தது.

சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்ததும் மேனேஜர் ஜானகிராமன் முதல் வேலையாக அந்தப் பெயரைக் கழற்றி வைத்தார். "டிக்கெட் வாங்கினு வர்றவன்கிட்ட வேண்டான்னா சொல்லுவேன்?" என்று சிரித்துவிட்டு, மிஸ் லில்லி என்று மைக்கில் அறிவித்தார். மிஸ் லில்லி ஜிகினா உடுப்பும் குடையுமாகக் கம்பி மேல் நடந்தாள். கீழே வலை இருந்தது, முகத்தில் சொல்லிக்கொடுத்த புன்னகை இருந்தது. நன்றாகத்தான் நடந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் யானை, பின்னால் சிங்கம். நடுவில் வந்து போகிறவளை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்?

அதனால்தான் எழுபத்து நாலில், கம்பெனி செங்கல்பட்டில் கூடாரம் போட்டிருந்தபோது, மேளம் வாசிக்கும் புருஷன் ராஜாராமையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தான் ஒருத்தியே ஆடி ஜனங்களை நிறுத்தி வைக்கும்படி ஓர் ஆட்டம் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஜானகிராமன் கோபிக்கவில்லை. "கூடாரம் பிரிக்கிற வரிக்கும் உன் இடம் காலியா கெடக்கும். அப்பால நெல்லூரு போயிடுவோம்" என்றார்.

முதல் ஆட்டம் திருப்போரூரில், கிருத்திகைக் கூட்டத்தில். பழைய குடை, பழைய புன்னகை. ஜனங்கள் நின்றார்கள், பார்த்தார்கள், "ஜோரா நடக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே முருகனைப் பார்க்கப் போய்விட்டார்கள். "ஒத்த ஆளு ஆட்டத்த எவன் நின்னு பாப்பான்? பேசாம கம்பெனிக்கே போயிடலாம்" என்று ராஜாராம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். வேண்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் போகலாம் என்று அவள் வாயிலிருந்து வரவில்லை.

குப்பத்துச் சவுக்குத் தோப்பில் இரண்டு மரங்களுக்கு நடுவே கம்பியைக் கட்டினாள். குடையைக் கடாசினாள். அக்கா ஆராயியின் மீன்கூடையைத் தலையில் ஏற்றி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, நடந்தபடியே மீன் விற்றுப் பார்த்தாள். ஆராயி கீழே நின்று, "கூறு இன்னா வெல?" என்று பேரம் பேசுவாள். கம்பி மேலிருந்து இவள் கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று போவாள், நடுக்கம்பியில் நின்று யோசிப்பாள், பின்பக்கமாகவே நடந்து திரும்பி வருவாள். ஆராயி சிரிப்பு தாங்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அன்று வேண்டாவுக்கு மனசு நிறைந்து போயிற்று.

கருங்குழிச் சந்தையில் அரங்கேற்றம். மறுநாள் கூடாரம் பிரிக்கிறார்கள். கையோடு அழைத்துப் போகலாம் என்று ஜானகிராமனும் வந்து ஓரமாக நின்றார். கூட்டம் நம்ப வேண்டுமே என்று கூடை நிறையச் சங்கரா மீன், அது கெடாமலிருக்க ஐஸ். மீன்காரி வீட்டுப் பெண், மீன்கூடை சொட்டும் என்பதை மறந்தாள் பாருங்கள்! தோப்பில் ஒத்திகை பார்த்ததெல்லாம் காலிக்கூடையை வைத்துத்தான்.

பாதிக் கம்பியில் தண்ணீர் முகத்தில் வழிந்து காலடியில் சொட்டியது. கால் வழுக்கியது. கீழே வலை கிடையாது, கட்டாந்தரை.

"ஐயோ, வேண்டாம்மா!" என்று காய்கறிக்காரி ஒருத்தி அலறினாள். "வேண்டாம்மா! வேண்டாம்மா!" என்று சந்தையே சேர்ந்துகொண்டது.

வேண்டாவுக்கு ஆச்சரியம். கம்பி மேல் நிற்கும்போது அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. காலை ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் மலர, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா? யாரு கூப்ட்டது?"

கூட்டம் முழித்தது. ராஜாராம்தான் மேளத்தை நிறுத்திவிட்டு, "அது பேரே வேண்டாதாங்க!" என்று கத்தினான். சந்தை குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகு அவளை யார் பிடிப்பது? "மீனு வாணாம்னு சொல்லு, போயிடறேன். வேண்டான்னு கூப்ட்டா இங்கியேதான் நிப்பேன்!" என்று இடுப்பில் கைவைத்துச் சண்டைக்கு நின்றாள்.

அந்த மிதப்பில் மறுபடி வழுக்கியது. இந்தத் தடவை கூடையே கவிழ்ந்து மீனெல்லாம் கீழே கொட்டியது. தடுமாறியவள் கீழே பார்த்தாள். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து, அவளைப் பிடிக்கக் கைகளை நீட்டியபடி நின்றார்கள். அவர்கள் நடுவில், வெள்ளைச் சட்டையெல்லாம் மீன் தண்ணீரோடு, ஜானகிராமனும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். வேண்டா மூச்சைப் பிடித்துச் சமாளித்தாள், மிச்சக் கம்பியையும் நடந்து முடித்தாள்.

கூட்டம் கலையவில்லை. மீனைப் பொறுக்கிக் கொடுத்தவர்களே அடுத்த சந்தைக்கும் வரச் சொன்னார்கள். ராஜாராம் யாரும் கேட்காமலே, கட்டாயம் வருவோம் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஜானகிராமன் சட்டையைத் துடைத்தபடி வந்தார். "நாளைக்கி லாரி கெளம்புது."

"நான் வரல சார்."

"கீழ நெட்டு கூட இல்லாம இப்டியே ஆடுவியா?"

"உங்க எதிர்ல எத்தினி வருசம் நடந்தேன் சார்? ஒரு நாளாச்சும் எனக்காவ ஓடியாந்து கைய நீட்டுனீங்களா? இன்னிக்கி நீட்டுனீங்களே" என்றாள் வேண்டா.

ஜானகிராமன் ஈரக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ மெய்யாலுமே வுயுந்துடுவியோன்னு பயந்துட்டேம்மா" என்றார். நெல்லூருக்கு வா என்ற பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை.