உப்புத் தண்ணீரில் ஊறிய மாவுக்கட்டு

காய்ந்த தென்னமட்டை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. ராயபுரத்து மைதானத்தின் சிமெண்டுத் தரையில் கிடந்தபடி, பந்து வளையத்துக்குள் போனதா என்றுதான் முதலில் கேட்டேன். அப்படிப்பட்ட பைத்தியம் நான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். காலையில் கடலுக்குப் போய் வருவேன், சாயங்காலம் கூடைப்பந்து ஆடுவேன். ஆறடி மூன்று அங்குலம் என் உயரம். எங்களோடு ஒருநாள் ஆடவந்த கப்பல்காரன் ஒருவன் எம்பி, வளையத்துக்கு மேலிருந்து பந்தை உள்ளே குத்தினான். அடேயப்பா! அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒற்றைக் கையால் குத்தப் பழக ஒரு வருஷம், இரண்டு கையால் குத்த இன்னொரு வருஷம் ஆயிற்று. வளையத்துக்கு முதுகு காட்டி, தலைக்குப் பின்னால் குத்தப் பார்த்த அன்றுதான் விழுந்தேன்.

இடது காலில் டிபியா (முழங்காலுக்குக் கீழே முன்பக்கமுள்ள பெரிய எலும்பு) உடைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தொடைவரை மாவுக்கட்டு (மாவு தோய்த்த துணிக்கட்டு, காய்ந்தால் கல்லாகிவிடும்) போட்டு அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் கட்டுக்குள் தாங்க முடியாத அரிப்பு. எங்கள் குப்பத்தில் எந்தக் காயத்துக்கும் கடல்தான் மருந்து. முள் குத்தினாலும், கயிறு உள்ளங்கையை உரித்தாலும் உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு போய், இடுப்பளவு தண்ணீரில் சுகமாக உட்கார்ந்தேன். கட்டு கூழாகிவிட்டது. வெட்கப்பட்டு நான்கு நாள் மறைத்தேன். எலும்பு கோணிக்கொண்டது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எலும்பை இழுத்து நேராக்கி மறுபடி கட்டினார். "நல்லா நடப்பீங்க. குதிக்கிறதை மட்டும் மறந்துடுங்க" என்றார்.

என் மனைவி தேசம்மாதான் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்ததும், "இன்னாய்யா, அழுவுறியா?" என்றாள். அழுதுகொண்டுதான் இருந்தேன். "கூடையைத் தூக்கினு போய் மீன் வித்து வூட்டை நான் பாத்துக்கறேன். நீ காலைப் பாரு. தண்ணியாண்ட மட்டும் போன, கெட்ட கோவம் வரும்!"

கட்டுப் பிரித்த அன்று கால் என்னுடையதாகவே தெரியவில்லை. தசைச் சூம்பல் (அசையாத தசை மெலிந்து போவது) என்றார்கள். இதைப் படிக்கிற யாராவது கட்டுப் போட்டுக் கிடந்தால், அதைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். நான் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கினேன். முதல்நாள் மூன்று தடவை. நடை வந்தது, ஓட்டம் வந்தது. இடது காலால் உந்தி எம்புவது மட்டும் வரவேயில்லை. ஆகவே இரண்டு காலையும் சேர்த்து உந்தப் பழகினேன். நடை பழகுகிற குழந்தையும் தோற்றுப்போகிற அளவுக்குத் தட்டுத் தடுமாறினேன்.

விழுந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், அதே வளையம். முதுகைத் திருப்பினேன், எம்பினேன், தலைக்குப் பின்னால் குத்தினேன். இரண்டு காலிலும் நின்றேன். மைதானமே கத்தியது. என்னைப்போல் கர்வப்பட்டவன் அன்று மெட்ராசில் எவனுமில்லை.

முன்பெல்லாம் எம்புவது கண் இமைக்குமுன் முடிந்துவிடும். அன்று மேலே இருந்த அந்தக் கொஞ்ச நேரம் நிதானமாகப் போயிற்று. கால்கள் எங்கே இருக்கின்றன, எப்படி இறங்கும் என்று எனக்கு மேலேயே தெரிந்தது.

வெறுங்கூடையைக் காலடியில் வைத்துவிட்டு ஓரத்தில் நின்ற தேசம்மாவைப் பார்த்தேன். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தாள்.

"முட்ச்சிட்டியா? பயத்துல நான் பாக்கலய்யா. இன்னொரு தபா போடு."

போட்டேன்.