கையை ஊன்றக் கூடாது

ஆபரேஷனில் தோள் மூட்டை மாற்றிக்கொண்டவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது வலியைப் பற்றித்தான். வலி மாத்திரைக்கு அடங்கிவிடும். அடங்காதது ரவிக்கை. வலது கையை உடம்போடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கையை எந்த ரவிக்கைக்குள் நுழைப்பது? வீட்டுக்காரரின் அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கீழே பாவாடையோடு திரிந்தேன். யாராவது வந்தால் மேலே ஒரு துண்டு. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, இவ்வளவு காற்றோட்டமான உடுப்பை ஆண்கள் மட்டும் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தார்களே என்று கோபம்தான் வந்தது.

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. அவர் மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பெனி பஸ்ஸிலேயே ஆயுசைக் கழித்த மனிதருக்கு அதன் பிறகு மொபெட் ஓட்ட ஆசை வந்தது. சவுக்குத் தோப்பு ஓரம் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஆட்டைக் காப்பாற்றிவிட்டுப் பெண்டாட்டியை ரோட்டில் போட்டார். தோள் எலும்பின் உருண்டை நொறுங்கிவிட்டது, கட்டுப் போட்டால் ஒட்டாது, உலோகத்தில் புதிதாக வைக்க வேண்டும் என்றார் சென்னை டாக்டர்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். "கை எவ்வளவு தூரம் போகணும்னு எதிர்பார்க்கிறீங்கம்மா?"

"என் தலைய நானே முடிஞ்சிக்கணும் டாக்டர். வேற ஒண்ணும் வேணாம்."

மற்றவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில் இன்னொருவர் கை பட விட்டதில்லை. அது போய்விட்டால் மிச்சமெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்று பயந்தேன். சொன்னபடி கேட்டால் முடியும் என்றார் டாக்டர். வெயிட் தூக்கக் கூடாது. கையைப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. நாற்காலியில் கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டு அம்மா கவலையோடு கேட்டாள்: "உள்ள இரும்பாக்கா வெச்சிகீறாங்க? இங்க கடல் காத்தாச்சே, துரு புடிச்சிக்கினா இன்னா பண்ணுவ?" ஜன்னல் கம்பியெல்லாம் அரித்துப்போகிற ஊரில் அந்தக் கேள்வியைக் கேலி செய்யவும் முடியவில்லை.

படுத்துத் தூங்க முடியாது. கட்டிலில் தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியேதான் தூக்கம். காலையில் அவர் என் இடது கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, பின்னால் நின்று தலை வாருவார். இயந்திரத்தோடு பழகிய கை. சீப்பைப் போட்டு இழுத்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

"வலிக்குதா?"

"இந்த இழுப்பு இழுத்தா வலிக்காம இன்னா பண்ணும்?"

"நான்தானே உன்ன கீழ போட்டேன். நான்தான் பண்ணணும்," என்பார். தினமும் இதையே சொல்வார். அவர் குற்ற உணர்ச்சிக்கு என் தலைமுடியா கிடைத்தது என்று எரிச்சலாக இருக்கும்.

டாக்டர் சொன்னதை நான் ஓர் எழுத்துகூட மீறவில்லை. டம்ளரைக்கூட வலது கையில் எடுக்கவில்லை. நாற்காலி என்று எச்சரித்திருந்தாரே, அதனால் நாற்காலிப் பக்கமே போகவில்லை. பட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காரலாம் என்று அனுமதி கிடைத்ததும், சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு. அதைவிடப் பத்திரமான இடம் வேறு எது? நாற்காலியை மூலையில் தள்ளி, அதன்மேல் துவைத்த துணியைக் குவித்து வைத்தோம். என் இடது முழங்கால் ரொம்ப நாளாகவே சரியில்லை. எழுந்திருக்கும்போது வலது பக்கம் சாய்ந்து, உள்ளங்கையைத் தரையில் பதித்துத்தான் எழுவேன். அதை யோசித்துச் செய்வதில்லை. எழுந்த பிறகு கை எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாது.

ஒருநாள் அப்படி எழுந்தபோது தோளுக்குள் ஏதோ விட்டுப்போனது. சத்தமில்லை. சூடாக ஏதோ பரவியது.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்து, பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனோம். தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்ல எப்படி உட்கார்ந்து எழுந்திருக்கீங்க, செஞ்சு காட்டுங்கம்மா" என்றாள். நான் பெருமையாகத் தரையில் உட்கார்ந்தேன். எழுவதற்காக வலது உள்ளங்கையைப் பதித்ததுமே ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லலையா?"

"ஒரு டம்ளர்கூட தூக்கலியே."

"உங்க உடம்பு முழுக்க அந்தக் கையாலதானேம்மா தூக்கறீங்க."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. தினமும் நான் எழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் தரையில் உட்கார்ந்து எழுகிறவர்தானே, அவருக்கு மட்டும் எப்படித் தோன்றும்?

சென்னைக்குப் போனோம். முன்பக்கம் தைத்து வைத்த தசை கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். திரும்பத் திறக்கத் தேவையில்லை, இருப்பதை வைத்துப் பழக்கலாம், ஆனால் கை தோள் மட்டத்துக்கு மேலே போகும் என்று இனி நம்ப வேண்டாம்.

மறுநாள் காலை அவர் சீப்போடு வந்தபோது, கத்திரிக்கோலை எடுத்துவரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"கழுத்தோட வெட்டிவுடுங்க. தீந்துது."

"வெட்ட வேணாம். நான் கீறேன் இல்ல?"

"எத்தினி நாளிக்கு கீறுவீங்க?"

கோபத்தில் கேட்டுவிட்டேன். அவர் பாட்டுக்குத் தலையை வாரிப் பின்னினார். முடித்ததும் என்னை எழுப்பி, சுவர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றிப் பழக வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருந்தாள். என் விரல்கள் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"நாளிக்கு இதுக்கு மேல ஏத்தணும்."

"அதான் ஏறாதுன்னு டாக்டரே சொல்ட்டாரே."

"எனக்கு அப்பால நீயே கட்டிக்கணும் இல்ல? ஏத்து."

அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் வேறு எப்போதும் வந்ததில்லை. எனக்கு அப்பால் என்று அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாரே. அழுதுகொண்டே ஏற்றினேன். அடுத்த நாளும் ஏற்றினேன். மழைக்காலம் வந்து போனது. பென்சில் கோடுகள் மயிர் கனத்துக்கு நெருக்கமாக ஏறி, என் கன்னத்துக்கு நேராக நின்றுவிட்டன. அதற்கு மேல் ஏறவே இல்லை. அவரோ விடவில்லை. தினமும் காலையில் தலை வாருவார், பிறகு சுவருக்கு இழுத்துப் போவார்.

ஒருநாள் எனக்குத் தலை வாருவதற்கு முன்பே அவர் ரேஷன் கடைக்குப் போய்விட்டார். வர நேரமாகும். எனக்குச் சும்மா இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜையில் வலது முழங்கையை ஊன்றித் தலையைக் குனிந்து பார்த்தேன். கை தலைக்கு வராவிட்டால் என்ன, தலை கைக்குப் போகட்டுமே. விரல்கள் பிடரியைத் தொட்டன. இடது கையால் முடியைச் சுற்றிக் கொடுத்து, வலது கையால் பிடித்துச் செருகினேன். அவிழ்ந்தது. மறுபடி செருகினேன். நின்றது.

கண்ணாடியில் பார்த்தேன். கோணலாக இருந்தாலும் அது என் கொண்டை. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று நினைத்தேன்.

அதற்குள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு, சீப்பை எடுத்துப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னாங்க, இன்னும் எத்தினி நேரம் இப்டியே தலைய விரிச்சிக்கினு கீறது?" என்றேன்.