சமாதானம் என்று எழுதியவள் நான்

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெட்டுக்குத்து கூடிவிட்டது என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பொலிசும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு குழு அமைக்க வேண்டும், செலவுக்கு அரசாங்கம் பணம் தரும். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்ததாம். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர், சிங்களமும் எழுதுவாள், வாய் கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லை என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அந்தப் பணத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன, டோர்ச் வந்தது, ஆளுக்கொரு மஞ்சள் ஜெக்கட் வந்தது. குழுத் தலைவர் ஜெக்கட்டைக் கோயில் திருவிழாவுக்கும் போட்டுக்கொண்டு வந்தார். மாதக் கடைசியில் நான் ஒரு படிவம் நிரப்பி அனுப்புவேன். அதில் 'பேசித் தீர்த்த பிணக்குகள்' என்று ஒரு கட்டம். அது வெறுமையாகக் கிடந்தால் அடுத்த வருஷம் பணம் நின்றுவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பெண் எங்கள் குழுவைத் தேடி வந்தாள். கொழுந்து பறிப்பவள், அவள் மகள் என்னிடம்தான் படிக்கிறாள். புருஷன் கத்தியைக் காட்டி வெட்டுவேன் என்கிறானாம். அம்பிட்டியவில் அக்கா வீட்டுக்குப் போகப்போகிறாளாம். பொலிசில் முறைப்பாடு கொடுக்க யாராவது கூட வந்தால் போதும் என்றாள்.

தலைவர் அவனையும் கூப்பிட்டனுப்பினார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். இனிக் குடிக்கமாட்டேன் என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தோம். அவனோடு போகமாட்டேன் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். பிள்ளையை நினைத்துப் பார் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னவள் நான்தான். சமாதானமாகிவிட்டார்கள் என்று ஒரு கடிதம் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஒரு பிரதி அவனிடம் கொடுத்தேன். கட்டத்தையும் நிரப்பினேன்.

அதற்கு மூன்றாவது வாரம், தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் அவளை வெட்டினான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

பேராதனை ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகத்தான் போனேன். வழியில் தோடம்பழம் வாங்கினேன், ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினேன். இப்போது அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பு வருகிறது. அன்றைக்கு அதுகூட வரவில்லை. அழுகையும் வரவில்லை, மனசு மரக்கட்டையாகக் கிடந்தது.

அவள் கோபப்படவில்லை. உட்காருங்க என்றாள். பிள்ளை அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அவருக்குப் பிணை கேக்குறாங்களாம், டீச்சர். நாங்க சமாதானமாயிட்டோம்னு நீங்க எழுதுன கடுதாசிய லோயர் காட்டியிருக்காரு. நான் போகமாட்டேன்னு சொன்னேன்ல, அத எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப நீங்களே கோட்டுக்கு வந்து சொல்லுவீங்களா?"

சரி என்று உடனே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வந்து சொன்னால் படிவத்தில் எழுதியது பொய்யென்று ஆகும், குழுவுக்குப் பணம் நின்றுவிடும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.