சுழி பார்த்து எடுத்த பாலிசி

ஏஜெண்டு நல்லதம்பியைச் சுற்றி ஆறுமுகசாமி இரண்டாவது வட்டம் வந்துவிட்டார். முன்னால் பார்த்தாயிற்று, பக்கவாட்டிலும் பார்த்தாயிற்று. "அந்தக் கெணத்து மேடு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். பாலக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த அந்த மனிதர், மடிப்புக் கலையாத பேண்ட்டோடு வரப்பில் நடந்தார். பாவம், இன்சூரன்ஸ் விற்க வந்தவர்.

மாடானாலும் மோட்டார் பம்பானாலும் ஆறுமுகசாமிக்கு முறை ஒன்றுதான். சுற்றி வருவது, நடக்க விடுவது, விற்கிறவன் முகத்தைப் பார்ப்பது. பம்பை நடக்க விட முடியாத குறைக்குக் கடைக்காரரை நடக்க விட்டவர் அவர். பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே அந்த வட்டாரத்தில் அவரை மயிர்ச்சுழி நல்லதா கெட்டதா என்று பார்க்கச் சொல்லாமல் யாரும் காளை பிடிப்பதில்லை. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

இப்போது பிடிக்க வேண்டியது, அவர் ஏறப்போகிற இமயமலைக்கு ஒரு இன்சூரன்ஸ். எழுபத்தாறாம் வருஷம் சித்தூர் கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஓட்டிய நியூஸ் ரீலில் நாலு பேர் முழங்கால் புதையப் பனியில் நடந்தார்கள். அப்புறம் ஓடிய படம் எது என்று கேட்டால் ஆறுமுகசாமிக்குத் தெரியாது. கோயமுத்தூரில் ஒரு மலையேறும் சங்கத்தைத் தேடிப் பிடித்துப் பெயரும் கொடுத்துவிட்டார். கேதார்நாத் தரிசனம் என்று சொல்லியிருந்தால் ஊரே மாலை போட்டு வழியனுப்பியிருக்கும். இவரோ, "சாமி கும்புடறதுக்கெல்லாம் இல்லீங்க. பனிய மிதிச்சுப் பாக்கோணும், அவ்வளவுதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதுவும் ஐம்பது தாண்டிய வயதில்.

மனைவி நாச்சம்மாள்தான் மறித்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. "ஏனுங்க, அங்க உங்களுக்கு ஒண்ணுன்னா நான் இந்தக் காட்டையும் மாட்டையும் கட்டீட்டு எங்க போயி நிக்கறது? இன்சூரன்ஸ் போடாம நீங்க ஊட்டு வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லீட்டேன்" என்றாள். அவள் சம்மதிக்காமல் ஆறுமுகசாமி பாலக்காட்டுக்குக்கூடப் போனதில்லை.

வரப்பிலிருந்து திரும்பிய நல்லதம்பி சர்க்கரையாகப் பேசினார். "வழுக்கி விழுந்தாலும் உண்டுங்க, மூச்சு முட்டுனாலும் உண்டுங்க, பனி சரிஞ்சாலும் உண்டுங்க." கையிலிருந்த காகிதத்தை மட்டும் பிரிக்கவே இல்லை. மறுநாள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேறொரு கம்பெனியின் ஏஜெண்டு சூசையப்பன் சைக்கிளில் வந்தார். ஒல்லி, தீராத இருமல். நடக்கச் சொன்னதும் முகம் சுருங்கியது, ஆனாலும் நடந்தார். பிறகு காகிதத்தை விரித்து, "பஸ் கவுந்தா உண்டுங்க. ரயில்ல கை கால் போனா உண்டுங்க. மலை ஏறுறப்ப ஏதாச்சும் ஆனா மட்டும் கிடையாதுங்க. இதோ போட்டிருக்கு, நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

ஆறுமுகசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. சந்தையில் காளையின் கெட்ட சுழியைத் தானாகவே காட்டுகிற ஆளிடம்தான் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். "இந்தாளுதானுங்க யோக்கியன்!" என்று சூசையப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கி, அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டார். போகிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் செல்லுகிற பாலிசி. விற்றவருக்கே சங்கடமாகிவிட்டது. இருமிக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

அத்தனையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த நாச்சம்மாள் வெளியே வந்தாள்.

"மலைக்கு ஆகாத இன்சூரன்ஸ என்னத்துக்குங்க எடுத்தீங்க?"

"பொய் பேசாத ஆளு, புள்ள."

"ஆளு சரீங்க. நீங்க விழுந்தா அவரா வந்து தூக்கப் போறாரு?"

ஆறுமுகசாமி அவளைப் பார்த்தார். இத்தனை நாளும் பனியைத்தான் நினைத்திருந்தார். இந்த வீட்டில் இவள் ஒற்றையாக நிற்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. "நீ வேண்டாம்னா நான் போவுல, புள்ள" என்றார்.

நாச்சம்மாள் உள்ளே போய், அவர் கட்டி வைத்திருந்த பையைத் திறந்து, தன் சேலைகள் இரண்டை மடித்து மேலே வைத்தாள். "அந்தச் சங்கத்துல எனக்கும் ஒரு பேரு குடுத்துருங்க. தூக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

ஆறுமுகசாமியும் உள்ளே வந்து பைக்குள் கையை விட்டுத் துழாவினார். கோயமுத்தூரில் தனக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய ஒரே கம்பளிச் சட்டையை அடியிலிருந்து உருவி எடுத்து, அவள் தோளில் வைத்து அளவு பார்த்தார்.