பாலத்துக்குப் போட்ட ஓட்டு

லோரென்ஸ் கிரெவே ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் மில்வாக்கிக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்துநான்கு வயது. பீர் பீப்பாய் செய்யத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. பட்டறை ஆற்றுக்கு அக்கரையில். ஓடக்காரன் பார்ட்லி கியோ என்ற ஐரிஷ்காரன்தான், போகும்போது ஒரு சொல், வரும்போது ஒரு சொல் என்று அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தான். அதனால் லோரென்ஸ் வாயைத் திறந்தால் ஐரிஷ் வாடை அடிக்கும். ஊரே சிரிக்கும்.

பத்து வருஷம் கழித்து நகரசபைத் தேர்தலில் நின்றான். ஊர் வாயில் 'டச்சுக்காரர்' ஆகிவிட்ட ஜெர்மன்காரர் ஓட்டு மட்டும் போதாது. அவனுக்காக பார்ட்லி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நடு ஆற்றில் ஓடத்தை நிறுத்திவிடுவான்.

"என் டச்சுக்காரனுக்கு ஓட்டுப் போடுறேன்னு சொல்லு. இல்லாட்டி நீந்திப் போ."

முப்பத்தொரு ஓட்டில் லோரென்ஸ் ஜெயித்தான்.

மூன்றாம் வருஷம் பாலத்துக்கான தீர்மானம் வந்தது. வேண்டிய பாலம்தான். ஆற்றில் பனிக்கட்டி மிதந்தால் ஓடம் நின்றுவிடும். அந்தக் குளிர்காலத்தில் மருத்துவச்சி வர முடியாமல் ஒருத்தி பிரசவத்தில் செத்திருந்தாள். வாக்கெடுப்பு நாள் காலையிலும் லோரென்ஸ் ஓடத்தில்தான் போனான்.

"என்னடா டச்சுக்காரா, புதுக் காலரெல்லாம் பலமா இருக்கு? சபையில என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சாக்கடை விஷயம்."

மறுநாள் பால்காரி ஒருத்தி ஓடத்தில் உட்கார்ந்து, பாலத் தீர்மானம் நிறைவேறிய செய்தியைச் செய்தித்தாளிலிருந்து சத்தமாக வாசித்தாள், ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களின் பெயர்களோடு.

மாலையில் லோரென்ஸ் துறைக்கு வந்தான். "பார்ட்லி, நானே சொல்லணும்னுதான்..."

"பாலம் வரட்டும். செத்தவ எங்க தெருப் பொண்ணு. கேட்டிருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன். என் ஓடத்துல உக்காந்துக்கிட்டே என்கிட்ட பொய் சொன்னீங்க பாருங்க, அதான்."

'நீங்க' என்று அவன் சொன்னது அதுவே முதல் தடவை.

பாலம் வந்தது. கப்பல் வரும்போது பாலத்தைத் திருப்பும் வேலையை லோரென்ஸ் அவனுக்காகப் பேசி வைத்தான். பார்ட்லி வேண்டாமென்று மரக்கிடங்குக் காவலுக்குப் போனான். பதினோரு வருஷம், எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொட்டு, "சௌக்கியமா, கவுன்சிலர் ஐயா?" என்பான். குறை சொல்ல முடியாத மரியாதை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? போய் மன்னிப்புக் கேளுங்களேன்" என்பாள் மனைவி மின்னா.

"அடுத்த வாரம் போறேன்."

தேர்தல் வரும், கூட்டம் வரும், அடுத்த வாரம் மட்டும் வரவே இல்லை. ஒரு மார்ச் மாதம் பார்ட்லிக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்றே நாளில் போய்விட்டான்.

இழவு வீட்டுக்கு லோரென்ஸ் ஒரு பன்றித்தொடையும் சின்னப் பீப்பாய் பீரும் கொண்டுபோனான். பார்ட்லியின் தங்கை ஹனோரா, "வாங்கய்யா" என்று முன்னறையில் பாதிரியார் பக்கத்தில், வீட்டிலிருந்த ஒரே மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தாள். பழைய ஓடத்துச் சிநேகிதர்கள் அடுக்களையில் கூடி, பார்ட்லி அடித்த கூத்துகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பாதிக் கதை லோரென்ஸுக்கும் தெரியும். எழுந்து உள்ளே போகத்தான் நினைத்தான். ஆனால் கவுன்சிலர் ஐயாவாகவே அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.