பாரத்துக்கு ஏறியவர்கள்

காலை ஆறு நாற்பது. திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் நான் முதலில் கண்டது ஓர் இரும்புத் தகடு. காயப்போட்ட நெத்தலியின் மேல் பழைய வலையொன்றை விரித்து, அது காற்றில் எழும்பாமல் இருக்க விளிம்பில் இந்தத் தகட்டை வைத்திருந்தார்கள். நாலு விரல் அகலம், வில்போல ஒரு வளைவு, நுனியில் குழாயாகச் சுருட்டிய ஒரு வளையம். கடற்கரைக்கு வந்தவன் கடலைப் பார்த்திருக்கலாம். செய்தி எழுதிப் பழகிய கண் இப்படித்தான், உதவாத பொருளில் போய் நிற்கும்.

குனிந்து தொட்டேன். விரலில் துரு ஒட்டியது. முகர்ந்தால் நெத்தலி வாசம்தான் வந்தது. ஆனால் மனதில் எழுந்தது டீசல் வாசம், உருகிய ஐஸ், வெறும் மீன்பெட்டிகள், சம்சுதீன் நானாவின் பிக்கப்.

அண்ணனை நானா என்பதும் அக்காவை ராத்தா என்பதும் இங்கே முஸ்லிம்களின் வழக்கு. நானா புல்மோட்டைக்காரர். விடியற்காலையில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைச் சந்தைக்கு வருவார். மீனை இறக்கிவிட்டுப் பத்து மணியளவில் வெறும் வண்டியோடு திரும்புவார். நான் அப்போது பத்திரிகையில் சேர்ந்த புதிது. வடக்கே குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்துச் செய்திகள் என் பொறுப்பு. செய்தி என்றால் மீனவர் சங்கக் கூட்டம், பாடசாலைக் கிணறு திறப்பு, இப்படி. மோட்டார் சைக்கிள் வாங்க வக்கில்லை. பஸ் வந்தால் வரும். அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து சைக்கிளில் சந்தைக்கு வந்து, அங்கிருந்து நானாவின் வண்டியில் ஏறிக்கொள்வேன். காசு கேட்கமாட்டார். ஏனென்று உங்களுக்குச் சொல்லவேண்டும்.

அவருடைய மனைவி மைமூன் ராத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். கிழமைக்கு இரண்டு தடவை திருகோணமலை ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கு வரவேண்டும். வராவிட்டால் கால் விறைத்துப்போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். குலுங்கவும் கூடாது என்று சொன்னவரும் அதே டொக்டர்தான். அந்தக் காலத்துப் புல்மோட்டை வீதியை அவர் பார்த்திருக்கமாட்டார்.

பிக்கப்பின் பின்சக்கரங்களுக்கு மேலே இரும்புத் தகடுகளை அடுக்கிய வில்லு இருக்கும். பாரம் சுமப்பதற்காகச் செய்தது. பாரம் ஏற்றினால் வில்லு அமுங்கி வண்டி மெத்தென்று போகும். வெறும் வண்டி என்றால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளும். காலையில் மீன்பாரத்தோடு வரும்போது ராத்தாவுக்குக் கரைச்சல் இல்லை. திரும்பும்போதுதான் முன்சீற்றில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். நானா ஒருமுறை மணல்மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார். சோதனைச் சாவடிகள் இருந்த காலம். முதல் சாவடியிலேயே எல்லா மூட்டையையும் இறக்கி அவிழ்த்துக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள்.

“மணலுக்குப் பெர்மிட் வேணுமாம். மனிசருக்கு வேணாம்தானே?” என்றார் நானா.

அன்றிலிருந்து அவர் ஆட்களை ஏற்றத் தொடங்கினார். சந்தை வாசலில் வண்டியை நிறுத்தி, “பாரத்துக்கு ஆள் வாங்கோ, பாரத்துக்கு ஆள்!” என்று கூப்பிடுவார். வடக்கே போகிறவர்கள் கூடையோடும் பையோடும் ஏறுவார்கள். யாரை எங்கே இருத்துவதென்பதை அவர்தான் தீர்மானிப்பார். கனத்தவர்களுக்குச் சக்கரத்துக்கு நேர் மேலே இடம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க அரைப் பாரம். எங்கயாவது இருங்க” என்றார். என் பெயருக்குக் கீழே செய்தி வந்த நாட்களிலும் அந்த வண்டியில் நான் அரைப் பாரம்தான்.

முழுப் பாரம் சல்லித் தங்கம்மா அக்கா. கருவாடு போடுகிறவர். காலையில் அதைச் சந்தையில் விற்றுவிட்டு, புல்மோட்டைக்குப் போய்க் கரைவலை மீனை மலிவாக வாங்கி, கடைசி பஸ்ஸில் திரும்புவார். அவர் பின்பக்கம் ஏறினால் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கும். அமுங்கியதும் முன்சீற்றிலிருந்து ராத்தாவின் குரல் வரும்.

“தங்கம் வந்திட்டாள். இனி எனக்குப் பயமில்ல.”

சீற்றுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி எப்போதோ உடைந்து, வெறும் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கு இந்தப்பக்கம் முதுகைச் சாய்த்துத் தங்கம்மா அக்கா. அந்தப்பக்கம் தலையணை அணைத்தபடி ராத்தா. முகம் பார்க்காமலே புல்மோட்டை வரைக்கும் கதை போகும்.

“தங்கம், இருக்கிறியா?”

“இல்ல, பறந்திட்டன்.”

“மறுகா ஏன் சத்தத்தக் காணல்ல?”

“வாயில வெத்திலை. துப்பினா உங்கட மனிசன்ர மண்டையிலதான் விழும்.”

“துப்பு துப்பு. அவருக்கும் ஒரு நிறம் வரட்டும்.”

நானா திரும்பிப் பார்க்காமல், “ரெண்டு பேரையும் இறக்கிப்போட்டு மணலையே ஏத்தப்போறன்” என்பார். பெரிய பள்ளம் வரும்போது தங்கம்மா அக்கா பின்தட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பார், வண்டியைத் தானே அடக்கி வைத்திருப்பதுபோல. அதில் ஏதும் பலன் இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. ராத்தா நம்பினார். சிரிப்பும் முனகலும் சேர்ந்த ஒரு சத்தம் வரும். இரண்டையும் பிரித்துக் கேட்க என்னால் முடிந்ததில்லை.

கட்டாரில் வேலை செய்த அவர்களின் மகன் ஒரு விடுமுறைக்கு வந்து, பக்கத்துச் சீற்றில் உம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே ஒருநாள் இந்த வீதியில் ஓட்டினான். திரும்பிப் போனதும் சாமான்கள் வந்தன. மெல்லிய தகடுகள் கொண்ட புது வில்லு, காஸ் அடைத்த சொக்அப்சோபர், இறப்பர் புஷ்கள். திருகோணமலைக் கராஜ் ஒன்றில் எல்லாவற்றையும் பூட்டினார்கள். கையோடு பின்கண்ணாடியையும் போட்டார்கள். கராஜ்காரர் எச்சரித்தே அனுப்பினார்: இது சொகுசுக்குச் செய்தது, இனி மீன் பாதிதான் ஏற்றலாம். நானா கொஞ்சநேரம் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு, “சரி, பாதி போதும்” என்றார். வியாபாரத்தில் பாதியை அவர் விட்டது அவ்வளவு கதையோடுதான்.

கராஜிலிருந்து வண்டி நேரே சந்தைக்கு வந்தது. கழற்றிய பழைய தகடுகள் கம்பியால் கட்டப்பட்டுப் பின்தட்டில் கிடந்தன. வழக்கம்போலத் தங்கம்மா அக்கா கூடையை உள்ளே வைத்துக் காலைத் தூக்கினார். நானா தலையைச் சொறிந்தார்.

“தங்கம்மா, இப்ப வெறும் வண்டியே துள்ளாது. ஆள் ஏறினாத்தான்...”

“அப்ப எனக்கு வேலை போச்சோ, நானா?”

ராத்தா புதுக் கண்ணாடியில் தட்டினார். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து, “அவள ஏத்துங்க. அவள் இல்லாம நான் போகமாட்டன்” என்றார். ஏற்றினோம்.

நிலாவெளி வரைக்கும் வண்டி படகுபோலப் போனது. இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி முதல் பெரிய பள்ளத்தில் பின்பக்கம் ஒரேயடியாக அமுங்கி, இரும்போடு இரும்பு இடித்தது. கண்ணாடிக்குள்ளே ராத்தாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அவர் கத்தியதை இம்முறை கண்ணாடியும் மறைக்கவில்லை. பழைய வில்லோடு வந்த நாட்களில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

தங்கம்மா அக்கா கூரையில் தட்டினார்.

“நிப்பாட்டுங்க, நானா. நான் இறங்குறன்.”

“இன்னும் பாதி வழி கிடக்கே.”

“உங்கட மனிசிக்கு நோகுது. இந்தத் தகட்டையும் இறக்கி வையுங்க. வலைக்குப் பாரம் வைப்பன். ரெண்டு பேருக்கும் வேலை போச்சுத்தானே, ஒண்டா வீட்ட போறம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் இறங்கப் பார்த்தேன். “தம்பி, நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் வண்டிக்குத் தெரியாது” என்று நானா தீர்ப்பளித்ததால் இருந்துவிட்டேன். வளைவில் திரும்பும்வரை பார்த்தேன். வீதியோரத்தில் கூடை, தகட்டுக்கட்டு, அதன்மேல் தங்கம்மா அக்கா, டவுனுக்குப் போகிற பஸ்ஸைக் காத்து.

அதன் பிறகு வண்டி துள்ளவில்லை. நானாவும் சந்தை வாசலில் கூப்பிடவில்லை. ராத்தாவின் முதுகு தேறியது. அதை மறைப்பது நியாயமில்லை. ஒருநாள் வண்டியால் இறங்கும்போது, எப்படி இருக்கிறதென்று கேட்டேன்.

“நல்லா இருக்கு, தம்பி. ஏறின உடனே நித்திரை வந்திடுது” என்றார். கதவைச் சாத்திவிட்டு, “முந்தி ஒருநாளும் நித்திரை கொண்டதில்ல” என்றார்.

சில வருடங்களில் சாவடிகள் போயின. வீதிக்கு வழுவழுவென்று தார்க் கார்ப்பெட் போட்டார்கள். பழைய வில்லோடு வெறும் வண்டியாகப் போனாலும் இனித் துள்ளாது என்ற நிலை வந்தது. நானா அதற்குள் வண்டியை விற்றுவிட்டார். ஐஸ் லொறிகள் சல்லிக்கே வந்து மீன் கொடுக்கத் தொடங்கியதால் தங்கம்மா அக்காவுக்கும் வடக்கே வேலை இருக்கவில்லை. எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் போக்குவரத்து இருந்தது. புல்மோட்டைக்குப் போனால் ராத்தா, “தங்கம் இப்பவும் அப்பிடியே பெருத்த ஆளா?” என்பார். சல்லிக்கு வந்தால் தங்கம்மா அக்கா ராத்தாவைக் கேட்பார். இருவருக்கும் நான் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். போய்ப் பாருங்களேன் என்பேன்.

இன்று காலையும் தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றபோது பின்னால் குரல் கேட்டது. தங்கம்மா அக்கா மெலிந்துவிட்டார். கையில் ஒரு தடி.

“என்ன தம்பி, இரும்பு வியாபாரமும் தொடங்கிட்டீங்களோ?” என்றார். பிறகு, “மைமூனுக்கு முதுகு எப்பிடியாம்?”

“சுகமாத்தான் இருக்கிறா, அக்கா. உங்களத்தான் கேட்டவ.”

“ஓம், ஒருக்காப் போகவேணும்” என்றார். குனிந்து, காற்றுக்கு விலகிய தகட்டை வலையின் விளிம்புக்கு நகர்த்தி வைத்தார்.

சல்லியிலிருந்து புல்மோட்டைக்கு இப்போது ஒரு மணிநேரம்கூட ஆகாது.