ஜிஞ்சர் ஏல் குடித்த செயலாளர்

மது அருந்தாத ஒருவரிடம் போய் ஊரில் எந்த பார் நல்லது என்று கேட்பது அசட்டுத்தனம்தான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில், அந்தக் கேள்விக்கு நம்பகமான பதில் வாஞ்சிநாதனிடம் மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கு முதல் அரை மணி நேரம்தான் அபிப்பிராயம் இருக்கும். அதன்பின் எல்லா பாரும் நல்ல பார். வாஞ்சிநாதன் கடைசிவரை நிதானமாக இருந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அவருடன் சில வெள்ளிக்கிழமைகள் நானும் போயிருக்கிறேன். நான் பீர் குடித்தவன், ஆகவே என் சாட்சியத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

தென்காசிக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஸ்விட்ச் செய்யும் கம்பெனியில் எஞ்சினியர், நாற்பத்து நாலு வயது. உலகில் அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வேயில் காரை நுழைப்பது.

"கிணத்துல குதிக்கிற மாதிரி சார். கண்ண மூடிண்டு குதிக்கணும். மத்தவா எல்லாம் அறுபதுல வர்றா, நான் ஸ்டாப் சைன்லேர்ந்து கிளம்பணும்."

ஆறரைக்குக் கூட்டம் வடியும். அதுவரை எங்காவது உட்கார வேண்டும். ஆபீசில் உட்கார்ந்தால் வேலை கொடுத்துவிடுவார்கள். எனவே பார்.

முதலில் ஹைவே ஓரத்து ஹோட்டல் பார். எங்கு திரும்பினாலும் தொங்கும் செடி. "நர்சரியில உட்கார்ந்து சோடா குடிக்கற மாதிரி இருக்கு. அங்க வர்றவா எல்லாரும் வேற எங்கயோ போயிண்டிருக்கறவா. யாரும் வந்து சேர்ந்தவா இல்ல" என்று அதைத் தள்ளினார். அடுத்து ஒரு ஸ்டேக் ஹவுஸ் பார். அங்கே ஒஹாயோவிலிருந்து மாற்றலாகி வந்த அக்கவுன்டன்டுகள் எல்லாம் புது பூட்ஸும் பெரிய கௌபாய் தொப்பியுமாக நின்றார்கள். "ஒரே ஒரு நிஜ மாட்டுக்காரர் வந்தார் சார். அவர் டென்னிஸ் ஷூ போட்டிருந்தார்." மூன்றாவதில் மூன்று டிவி, மூன்று ஆட்டம், பேச்சே கிடையாது. அங்கே வழக்கமாக வருகிறவர்கள் ஒருவரையொருவர் பத்து வருஷமாகத் தெரிந்தவர்கள், பின்மண்டையை மட்டும்.

நான்காவதுதான் பீகன் ரூம். ஒரு டிரை கிளீனிங் கடைக்கும் வாக்குவம் கிளீனர் ரிப்பேர் கடைக்கும் நடுவே இருந்தது. இருட்டு. கார்ப்பெட்டில் பழைய மழையின் வாசனை. அவர் குடித்த ஜிஞ்சர் ஏலில், அதாவது இஞ்சி சோடாவில், நுரை இருந்த நாளே இல்லை. இத்தனையையும் சொல்லிவிட்டு, வாஞ்சிநாதன் அதற்கு முதலிடம் கொடுத்தார். "அங்க ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் கேக்கறார் சார்" என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த ஊர்ப் பகுதியில் அப்போது பார் வைக்க அனுமதி இல்லை. ஆனால் தனியார் கிளப் வைக்கலாம்; கிளப்பில் உறுப்பினர்கள் குடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு பாரும் ஒரு கிளப். வாசலில் ஒரு கார்டில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் உறுப்பினர். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த எஞ்சினியர்களுக்கு இது புரியவே இல்லை. வாஞ்சிநாதனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. மதுவிலக்கு இருந்த மதராஸில் அவருடைய சித்தப்பா டாக்டர் சர்டிபிகேட்டும் பெர்மிட்டுமாகச் சட்டப்படி நோயாளியாக இருந்து பிராந்தி குடித்தவர்.

புரிந்தது என்றேன். ஒரு விஷயத்தில் அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டார்.

கார்டில் கையெழுத்துப் போட்ட முதல் நாளே, பாரின் சொந்தக்காரி டார்லீனிடம், "ஜெனரல் பாடி மீட்டிங் என்றைக்கு?" என்று கேட்டார்.

டார்லீனுக்கு ஐம்பது வயது, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். "என்ன மீட்டிங், ஹனி?"

"இது கிளப். நான் மெம்பர். செக்ரெட்டரி யார்? மினிட்ஸ் புக் எங்கே?"

சென்னையில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் ரெக்ரியேஷன் கிளப்புக்குப் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவர் அவர். கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்குவதைக்கூடத் தீர்மானம் போட்டு வாங்கியவர். கவுன்டரில் உட்கார்ந்திருந்த ஹாய்ட் என்ற ரிட்டயர்டு ரயில்வேக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு, "செக்ரெட்டரி இல்லை. நீயே இரு" என்றார். கூரை வேயும் கான்ட்ராக்டர் வேய்ன் ஆமோதித்தான். அவர்களுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை வேடிக்கை. வாஞ்சிநாதன் மறு வாரம் பச்சை அட்டை போட்ட கனத்த நோட்டுடன் வந்தார்.

அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஐந்தரை மணிக்குக் கமிட்டி கூடியது. கூடியது என்றால், அவர்கள் எப்போதும் போல் உட்கார்ந்து குடித்தார்கள், இவர் எழுதினார். புதிதாகக் கார்டு போட்டவர்களின் பெயரை வாசிப்பார், டார்லீன் கிளாஸ் துடைத்தபடி "ஓகே" என்பாள், ஏற்கப்பட்டது. மற்ற நடவடிக்கைகளும் உண்டு. சென்னை சர்க்கார் ஆபீஸ் ஆங்கிலத்தில் இருந்ததை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்:

'திரு. ஹாய்ட் 1951-ஆம் வருட ரயில் விபத்தை ஒன்பதாவது முறையாக விவரித்தார். இம்முறை பெட்டிகள் எண்ணிக்கை கூடியிருந்தது. பதிவு செய்யப்பட்டது.'

'ஸ்டேக் ஹவுஸ் பாரிலிருந்து இருவர் வந்து, இங்கே கூட்டமில்லை என்று குறை கூறினர். அதுவே இந்தக் கிளப்பின் சிறப்பு என்று தலைவர் டார்லீன் விளக்கினார்.'

'திரு. வேய்ன் தம் மகளைப் பற்றிப் பேசினார். இருபது நிமிடம். நடவடிக்கை தேவைப்படவில்லை. கேட்டுக்கொண்டோம்.'

இப்படி இரண்டரை வருஷம்.

தமிழ்க் குடும்பங்களில் விஷயம் வேறு ரூபத்தில் பரவியிருந்தது. அவர் கார் பீகன் ரூம் வாசலில் நிற்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். தமிழ்ச் சங்கத் தலைவர் டாக்டர் ராமசுப்ரமணியன் இதய நிபுணர். துணி அலமாரியில் வேட்டிகளுக்குப் பின்னால் ஸ்காட்ச் வைத்திருப்பவர். அவரே, "பாவம், நல்ல மனுஷன். இப்படி ஆயிட்டாரே" என்று வருத்தப்பட்டு, சங்கச் செயலாளர் பதவிக்கு வாஞ்சிநாதன் பெயர் வந்தபோது கனிவோடு தள்ளிவைத்தார். அந்தச் சங்கத்தில் மினிட்ஸ் எழுதும் வழக்கமே கிடையாது.

வாஞ்சிநாதனின் மனைவி விசாலாக்ஷிக்கு வதந்தி பற்றிக் கவலை இல்லை. அவளுடைய புகார் சட்டை பற்றியது. "நீங்க குடிக்கலேன்னு நேக்குத் தெரியும். உங்க சட்டை குடிச்சிருக்கே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

எண்பத்தைந்து அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாநில மதுபான இலாகாவிலிருந்து ஒருவர் பீகன் ரூமுக்கு வந்தார். கிளப் என்றால் உறுப்பினர்களைச் சேர்க்கக் கமிட்டி இருக்க வேண்டும். அது கூட வேண்டும். கூடியதற்கு ஆதாரம் வேண்டும். டார்லீன் பெர்மிட் வாங்கியபோது எழுதிக் கொடுத்த கமிட்டியில் மூன்று பேர்: அவள், ஹாய்ட், ஓக்லஹோமாவுக்கு ஓடிப்போன அவள் முன்னாள் கணவன். இரண்டு வாரத்தில் டாலஸ் ஆபீசில் விசாரணை. ஆதாரம் இல்லையென்றால் பெர்மிட் ரத்து.

வெள்ளிக்கிழமை வாஞ்சிநாதன் போனபோது டார்லீன் கவுன்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நாற்காலியை எல்லாம் வித்துடலாம்னு இருக்கேன். பதினாறு வருஷம். வேற என்ன தெரியும் எனக்கு?"

வேய்ன் பச்சை நோட்டைக் கையால் தட்டினான். "மிஸ்டர் செக்ரெட்டரி, நாம இரண்டரை வருஷமா கூடிக்கிட்டுதானே இருக்கோம்?"

யாரும் சிரிக்கவில்லை. ஹாய்ட் நோட்டைத் திறந்து, தேதி தேதியாக விரலை ஓட்டினார். எல்லாம் இருந்தது. நோட்டு மட்டும் போதாது, எழுதியவர் நேரில் வந்து இது நான் எழுதியது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் டார்லீன். சொல்லிவிட்டு, "முடியாதுன்னா பரவாயில்ல, ஹனி" என்றும் சொன்னாள்.

வாஞ்சிநாதன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய கிரீன் கார்டு இன்டர்வியூ அடுத்த மாதம். ஆறு வருஷக் காத்திருப்பு. கேள்வித்தாளில் குடிப்பழக்கம் பற்றி ஒரு கேள்வி வரும் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அன்று ஆறரைக்கு முன்பே ஃப்ரீவேயில் நுழைந்து வீடு போய்ச் சேர்ந்தார். எப்படி நுழைந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

விசாலாக்ஷி முழுவதும் கேட்டாள். "ஏன்னா, ஒரு சர்க்கார் ஆபீஸ்ல கிரீன் கார்டு ஃபைல். இன்னொரு சர்க்கார் ஆபீஸ்ல பார் செக்ரெட்டரின்னு கையெழுத்து. ரெண்டு ஃபைலும் ஒருநாள் சந்திச்சா?"

"எழுதினது நான். நான் போகலேன்னா அது வெறும் நோட்டு."

"அவாளுக்காக நம்ம குழந்தை படிப்பெல்லாம் விட்டுட்டு ஊருக்குத் திரும்பணுமா?"

அவர் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தார், ஏதாவது விவகாரமாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க. விசாலாக்ஷி பக்கத்தில் உட்கார்ந்து அவளும் படித்தாள். ஹாய்டின் ரயிலுக்குச் சிரித்தாள். வேய்னின் இருபது நிமிடத்தில் நின்றாள்.

"இவருக்கு என்னாச்சு?"

"பொண்ணு பேச மாட்டேங்கறா. நாலு வருஷமா."

"நீங்க என்ன சொன்னேள்?"

"ஒண்ணும் சொல்லலே. கேட்டுண்டேன்."

அவள் நோட்டை மூடினாள். பிறகு, "போய்ப் போட்டுட்டு வாங்கோ கையெழுத்த. ஆனா அந்த வெள்ளிக்கிழமை சட்டைய போட்டுண்டு போகாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, வேறு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

விசாரணை அதிகாரி ஒல்லியான மனிதர். மேசையில் மூன்று பேனாவை ஒரே கோட்டில் அடுக்கி வைத்திருந்தார். வாஞ்சிநாதனுக்கு அவரைப் பார்த்ததுமே பாதி தைரியம் வந்துவிட்டது. இந்த ஜாதி மனிதரை அவருக்குத் தெரியும். உலகமெங்கும் ஒரே மாதிரி. அதிகாரி நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. டார்லீன் பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுத்தாள், செருகினாள், எடுத்தாள்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான் சார்."

"மூன்று தேதிகளில் கோரம் இல்லை. போதிய உறுப்பினர்கள் வரவில்லை."

"ஆமாம் சார். அதனால் அன்று யாரையும் சேர்க்கவில்லை. கீழே குறிப்பு இருக்கிறது."

அதிகாரி குறிப்பைப் பார்த்தார். முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தார். பிறகு முதல் பக்கங்களுக்குத் திரும்பி, இரண்டாவது கூட்டத்தின் நடவடிக்கையை உரக்க வாசித்தார்:

'செயலாளர் மது அருந்துவதில்லை என்று திரு. ஹாய்ட் ஆட்சேபம் எழுப்பினார். விவாதத்துக்குப் பின், அக்குறை உறுப்பினராக இருக்கத் தடையல்ல என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

"இது உண்மையா?"

"உண்மைதான் சார். ஜிஞ்சர் ஏல்."

"இரண்டரை வருஷமாக?"

"நுரை இருக்காது" என்றார் வாஞ்சிநாதன். சத்தியம் செய்திருந்ததால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார். டார்லீன் அவரை முறைத்தாள்.

பெர்மிட் நீடித்தது. முன்னாள் கணவனின் பெயரை மாற்றி வேறு ஒருவரைப் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை; அந்த இடத்துக்கு வேய்ன் தேர்ந்தெடுக்கப்பட்டான். வாசலில் டார்லீன் வாஞ்சிநாதனைக் கட்டிப்பிடித்தபோது அவர் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நோட்டைப் பிடித்துக்கொண்டார். ஜிஞ்சர் ஏலில் நுரை வர அன்றே புது கேஸ் சிலிண்டர் வந்தது.

அந்த இரண்டாவது கூட்டத்தின் பக்கத்துக்கு அவர் முத்திரை போட்ட ஒரு நகல் கேட்டு வாங்கிவந்தார். டெக்சாஸில், ஏன், அமெரிக்காவிலேயே, குடிக்காதவர் என்று மதுபான இலாகாவின் முத்திரையோடு காகிதம் வைத்திருந்த தமிழர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர்கள் அது பற்றிக் கேட்கவே இல்லை. விரல்ரேகை எடுத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

காகிதம் வீணாகவில்லை. பொங்கல் விழாவில் டாக்டர் ராமசுப்ரமணியன் கனிவாக ஆரம்பித்தார். "வாஞ்சி, இன்னும் அந்த இடத்துக்கெல்லாம்..."

வாஞ்சிநாதன் நகலை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். இரண்டாம் முறை படித்தார். சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வாஞ்சி, இந்த மாதிரி ஒண்ணு எனக்குக் கிடைக்குமா?"

"அப்ளை பண்ணுங்கோ டாக்டர். கமிட்டி வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கூடறது. ஆனா நான் நடந்தது நடந்தபடிதான் எழுதுவேன்."

டாக்டர் யோசித்தார். அலமாரி, வேட்டிகள், மனைவியின் காலடிச் சத்தம் எல்லாம் அந்த யோசனையில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமையின் பக்கம் இப்படி இருக்கிறது:

'டாக்டர் ராமசுப்ரமணியன் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். ஸ்காட்ச், ஒன்று, பிறகு இன்னொன்று. நாலு பேர் நடுவே உட்கார்ந்து குடிப்பது ஐந்து வருஷத்தில் இதுவே முதல் முறை என்று தெரிவித்தார். திரு. ஹாய்ட் அவருக்கு ரயில் விபத்தை விவரித்தார். புதியவராதலால் ஆர்வத்துடன் கேட்டார். தமிழ்ச் சங்கத்துக்கும் ஒரு மினிட்ஸ் புக் அவசியம் என்று அவராகவே கூறினார். திருமதி விசாலாக்ஷி கொடுத்தனுப்பிய தட்டை, கிளப்பில் வைக்கும் கடலையைவிட மேல் என்று ஏகமனதாகத் தீர்மானம். திரு. வேய்ன் தம் மகளிடமிருந்து வந்த கிறிஸ்துமஸ் கார்டைக் காட்டினார். கோரம் இருந்தது.'